மூத்தவளின் சட்டை இளையவளுக்கு

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவிக் கோளாறு. பழுத்த மிளகாயையும் பச்சை மிளகாயையும் முன்னால் வைத்தால் கடித்துப் பார்த்துத்தான் சொல்வேன். கடித்தாலும் இரண்டும் உறைக்கும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மருதமுனை நெசவுப் பட்டறைகளில் சாயநூல் பாவுக்கு முன்னால் நின்று வாழ்க்கை முழுவதும் நிறம் கூப்பிட்டேன். நம்பாதவர்கள் பலர். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

இதை எழுதச் சொன்னவன் நஸீர். நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்முனைத் துணி நிறுவனத்தில் இப்போது மாதிரி வரைவது அவன்தான். அங்கே போன மாதம் கணினி வந்திறங்கியது. என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, தேத்தண்ணி தந்து, பெருமையோடு விளக்கினான்.

“ஹாஜி, இதில நாங்க மாதிரிக்குள்ள நிறத்த எழுதுறல்ல. ஒரு பேரத்தான் எழுதுவம். மாறி எண்டு சொல்ற. அந்தப் பேருக்கு என்ன பெறுமதி எண்டு வேற ஒரு அட்டவணையில கிடக்கும். மெஷின் பேரக் கண்டா அங்க போய்த் தேடிப் பார்த்து, பெறுமதிய எடுத்து அந்த இடத்தில வைக்கும். மூல மாதிரியில கையே வைக்காது. ஃபங்ஷனல் புரோகிராமிங் எண்டு ஒரு புது முறை.”

சிரிப்பு வந்து தேத்தண்ணி இடுப்பில் கட்டியிருந்த சாரனில் கொட்டிவிட்டது.

“புது முறையா? போடா வாப்பா! நீ பிறக்கிறதுக்கு முதல், உன்ட வாப்பா பிறக்கிறதுக்கு முதல், கிடுகு வேலிக்குள்ள நாங்க செஞ்ச வேலைடா இது.”

“அப்ப எழுதித் தாங்க பாப்பம்” என்றான். சவால் விட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். அவனுக்காகத்தான் இது.

நான் வேலை பழகிய கதையை நீட்ட வேண்டியதில்லை. தார்க்குச்சியில் நூல் சுற்றினேன், நூல் காயப்போட்டேன், தறியில் இருந்து நாடா எறிந்தேன், கை மரத்தது, முதுகு பிடித்தது, எல்லோரையும்போலத் திட்டு வாங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மீசை நன்றாக முளைத்த வயதில், அலியார் மாஸ்டரின் பட்டறையில் பா கூப்பிடுகிற வேலை கிடைத்தது. என் குரல் பெரியது. அதுதான் தகுதி.

பா கூப்பிடுவது என்றால் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். பா என்பது தறியில் நெடுக்காக ஓடுகிற நூல். நீண்ட வளவில் இரு முனையிலும் கம்பு நட்டிருக்கும். பா இழுக்கிறவர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு முனைக்கு முனை நடப்பார்கள். சாரனின் நெடுக்குக் கோடுகள் எல்லாம் இந்த நடையில்தான் பிறக்கின்றன. எந்த நூல், எத்தனை இழை என்று ஒருவன் நின்று உரக்கச் சொல்ல வேண்டும். அவன் பார்த்துச் சொல்வதற்கு ஒரு மாதிரிப் பலகை இருக்கும். முழ நீளம். துணியில் வரப்போகிற அதே வரிசையில் அந்தந்த நிற நூலைப் பலகையைச் சுற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் பலகையைப் பார்த்து “சிவப்பு எட்டு, பச்சை நாலு” என்று போவார்கள்.

நான் எங்கே போவேன்? எனக்கு அந்தப் பலகை முழுவதும் சேற்று நிறமும் நீலமும்தான்.

ஆகவே நான் ஒரு வேலை செய்தேன். நூல் கட்டைகளை அடுக்கிக் கொடுக்கிற சுபைதா மாமியைப் பிடித்தேன். அவருக்குக் கழுகுக் கண். ஒரு தரம் பலகையை விரலால் தடவித் தடவி எனக்குச் சொல்லிக்கொண்டு வரச் சொன்னேன். நிறத்தை வைத்து நினைவில் பிடிக்க முடியாதவன் ஆளை வைத்துப் பிடித்தேன். பட்டைகளுக்கு நடுவில் அகலமாகக் கிடக்கிற நிலம் தாய். பெரிய பட்டை மூத்தவள். அவளுக்குப் பக்கத்தில் வருகிற சின்னப் பட்டை இளையவள். இரண்டு பெண்களுக்கும் இரு பக்கமும் நிற்கிற ஒற்றைக் கோடு காவல்காரன். மாதிரி முழுவதும் எனக்கு ஒரு வீட்டுக் கதையாகப் போய்விட்டது. தாய் படுத்திருப்பாள், காவல்காரன் நிற்பான், மூத்தவள் வருவாள், பின்னால் இளையவள் வருவாள், மறுபடியும் காவல்காரன்.

யாருக்கு எந்த நிறச் சட்டை என்பது மாமியின் வேலை. அடுக்கின் மேல்தட்டில் தாயின் கட்டை, அடுத்ததில் மூத்தவளுடையது என்று அவர் வைத்துவிடுவார். நான் “மூத்தவள் எட்டு!” என்று கத்தினால் மாமி தட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். புது நிறத்தில் அதே சாரன் கேட்டார்களா? என் கூப்பாட்டில் ஒரு சொல்லும் மாறாது. தட்டில் கட்டையை மாற்றினால் போதும். நஸீரின் அட்டவணை வேறென்ன?

சாரனில் தலை என்று ஒரு பகுதி உண்டு. பட்டைகள் நெருக்கமாக வருகிற அழகுப் பக்கம். அங்கே காவல்காரன் மஞ்சளை விட்டு வெள்ளை உடுப்பான். அதற்கு மாமி பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு வைத்திருப்பார். தலைக்குள் நுழைந்ததும் முதலில் சின்னத் தட்டைப் பார்ப்பார்; அதில் இல்லாத ஆளுக்கு மட்டும் பெரிய அடுக்குக்குப் போவார். தலையை விட்டு வெளியே வந்தால் சின்னத் தட்டை மூடிவிடுவார், காவல்காரனுக்குப் பழையபடி மஞ்சள்.

பா இழுக்கிறவர்களுக்கு என் கூப்பாட்டில் கொண்டாட்டம். “இளையவள் நாலு!” என்றால் எவனாவது ஒருவன் “எனக்கு ஒண்டே காணும் காக்கா!” என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொல்வான். வேலை சிரிப்போடு ஓடும்.

அலியார் மாஸ்டருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவர் நெய்தே வளர்ந்த மனிதர். துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்வார். ஒரு வேலையை ஒரு தரம்தான் சொல்வார். பிறகு அதை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னால் திருத்தமாட்டார். தொப்பியைக் கழற்றி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாமாகவே சரியாகச் சொல்லும்வரை அந்தத் தொப்பி தலைக்குப் போகாது. கோபம் வந்தால் புகழத் தொடங்குவார். அவர் வாயில் “நல்ல வேல” என்று கேட்டால் எல்லோரும் ஆளுக்கொரு மூலைக்கு ஒதுங்கிவிடுவார்கள்.

ஒரு நாள் சுபைதா மாமி மகளின் பேறுகாலத்துக்குப் போய்விட்டார். என்ன பெரிய வேலை என்று நானே கட்டைகளை அடுக்கினேன். தட்டுக்குத் தட்டு மாறிப்போய், பா பாதி ஓடிய பிறகுதான் மற்றவர்கள் கண்டார்கள். மாஸ்டர் வந்து பார்த்தார்.

“நல்ல வேல. மிச்சம் நல்ல வேல. சிவப்பும் பச்சையும் தெரியாத ஆள் கூப்பிட, நாங்களும் இழுத்துக்கொண்டிரிக்கம். நாளைலிரிந்து நீ சாயப் பானைக்குத் தண்ணி அள்ளு, ஆதம்பாவா. தண்ணிக்கு நிறமில்ல.”

தண்ணீர் அள்ளுவது பட்டறையின் கடைசி வேலை. அதற்குப் போனவன் திரும்பி வந்ததில்லை. என் உம்மாவிடம் நான் சொல்லவில்லை, ஊர் சொல்லிவிட்டது. உம்மா வழக்கத்தைவிடக் கூடச் சோற்றைப் போட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பா எனக்குத்தான் உரியது என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன்?

என் இடத்துக்கு மீராசாவைப் போட்டார்கள். கண் நன்றாகத் தெரிகிறவன், நல்லவன். உதவிக்குப் புகாரி. நான் கிணற்றடியில் வாளியோடு கிடந்தேன்.

அந்த வேளையில்தான் ஹஜ்ஜுப் பெருநாள் ஓடர் வந்தது. எங்கள் துணியை லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிற சீனிமுகம்மது வந்து மாஸ்டரிடம் சொன்னார்.

“முந்தி அனுப்பின சாரன் நல்லாப் போகுது மாஸ்டர். அதே சாரன்தான் வேணுமாம். ஆனா சிவப்பிரிக்கிற இடத்துக்குப் பச்ச, பச்சையிரிக்கிற இடத்துக்குச் சிவப்பு. வேற ஒண்டும் மாத்தப்படாதாம். எல்லாத் தறியிலயும் ஏத்துங்க.”

பெரிய ஓடர். அது சரியாகப் போனால் அந்த வருடம் முழுவதும் தறிகள் ஓடும். பிழைத்தால் கொழும்புக்காரன் வேறு ஊரைத் தேடிப் போவான். மாஸ்டர் வழக்கம்போல மீராசாவைத் திருப்பிச் சொல்ல வைத்தார். மீராசா ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னான். தொப்பி தலையிலேயே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மீராசா மாதிரிப் பலகையை எடுத்து, சிவப்பு இருந்த இடமெல்லாம் நூலைப் பிரித்துப் பச்சையைச் சுற்றினான். வேலை பாதியில் நிற்க ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. “சிவப்பு முடிஞ்சி. மத்தத நீ பாரு” என்று புகாரியிடம் சொல்லிவிட்டுப் போனவன், தொழுகை முடிந்ததும் ஒரு ஜனாஸாவை அடக்க மையவாடிக்குப் போய்விட்டான். புகாரி தொழுதுவிட்டு வந்து பலகையை எடுத்தான். பச்சை இருக்கிற இடத்துக்குச் சிவப்பு, அதுதானே மிச்சம்? பலகையில் பச்சை கண்ட இடமெல்லாம் பிரித்தான், சிவப்பைச் சுற்றினான். ஒன்றையும் விடவில்லை. சுத்தமான வேலைக்காரன்.

மறுநாள் காலை மீராசாவின் சத்தம் கிணற்றடிவரை கேட்டது.

“பச்ச எங்கடா? டேய் புகாரி, பச்ச எங்க?”

“மாத்தச் சொன்ன, மாத்தின.”

“நான் போட்ட பச்சையையுமாடா மாத்தின?”

“உன்ட பச்ச எது, முந்தின பச்ச எது எண்டு அதில பேரா எழுதியிரிக்கி?”

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பலகையில் நீலம், மஞ்சள், வெள்ளை தவிர மற்றதெல்லாம் சிவப்பாம். எனக்கு என்றைக்கும் போலத்தான் தெரிந்தது, அது வேறு விஷயம். மற்றவர்கள் முகங்களைப் பார்த்தேன். எல்லாம் செத்த வீட்டு முகம். பக்கத்துப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பட்டையாகிவிட்டதால், எது முன்பு சிவப்பு, எது முன்பு பச்சை என்று இனிமேல் பலகையிடம் கேட்க முடியாது. பழைய சாரன் ஒன்றுகூட ஊரில் இல்லை, அவ்வளவும் கொழும்புக்குப் போய்விட்டது. சீனிமுகம்மதின் லொறியும் போய்விட்டது. அது திரும்பி வரும்வரை காத்திருந்தால் நெய்து முடிப்பதற்குள் பெருநாள் முடிந்துவிடும்.

மாஸ்டர் பலகையைக் கையில் வாங்கினார். “நல்ல வேல” என்றார். அதற்கு மேல் புகழவும் அவரால் முடியவில்லை. பலகையைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அதைக் கண்டதும் எங்கேயோ போய்விட்டது.

“மாஸ்டர், எனக்குத் தெரியும்” என்றேன்.

“உனக்கு என்ன தெரியும்?”

“முழுப் பாவும் தெரியும். அந்தச் சாரனுக்கு முந்திக் கூப்பிட்டது நான்தானே.”

புகாரி சிரித்தான். “கண் தெரிஞ்ச நாங்களே முழிக்கிறம். இவர் நிறம் சொல்லப் போறாராம்!”

“நிறத்த ஆர்ரா சொன்ன? எனக்கு ஆளத் தெரியும். மூத்தவள் எங்க நிக்கிறாள், இளையவள் எங்க நிக்கிறாள் எண்டு தெரியும். நீங்க ரெண்டு பேரும் சட்டைய வெச்சி ஆளத் தேடினீங்க. மூத்தவளுக்கு இளையவள்ட சட்டையப் போட்டுட்டு, மறுகா அந்தச் சட்டையக் கண்டு அவளையே இளையவள் எண்டு பிடிச்சி இழுத்தா என்ன நடக்கும்? இதுதான் நடக்கும்.”

மாஸ்டர் பலகையை என் கையில் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “லொறி வாறதுக்குள்ள எல்லாத் தறியிலயும் பா ஏறணும். நீ சொல்றது பிழைச்சா நூலும் போகும், ஓடரும் போகும், என்ட பேரும் போகும். தெரிஞ்சிதான் சொல்றியா?”

“தெரிஞ்சிதான் சொல்றன்.”

“அப்ப சொல்லு.”

முதலில் பலகையில் இருந்த நூல் முழுவதையும் பிரிக்கச் சொன்னேன். வெறும் பலகை. அடுப்புக்கரியால் தாய்க்கு வட்டம், மூத்தவளுக்கு நெட்டைக் கோடு, இளையவளுக்குக் குட்டைக் கோடு, காவல்காரனுக்குப் புள்ளி என்று வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டேன், மீராசா கரியால் குறித்தான். நடுவில் எவனோ “அது பச்சைதானே?” என்று வாய் திறந்தான். “நிறத்த இஞ்ச ஒருத்தரும் கதைக்கப்படா!” என்று நான் கத்தியதில் வேலியில் இருந்த காகம் பறந்தது. மாஸ்டர்கூட வாயை மூடிக்கொண்டார். அந்தப் பகல் முழுவதும் நான்தான் பட்டறைக்கு ராசா.

வரிசை முடிந்தது. சுபைதா மாமி பழைய அடுக்கை முன்பு இருந்தபடி வைத்தார்: தாய்க்கு நீலம், மூத்தவளுக்குச் சிவப்பு, இளையவளுக்குப் பச்சை, காவல்காரனுக்கு மஞ்சள். அதற்கு முன்னால் புது ஓடருக்கு என்று இரண்டே இரண்டு சீட்டு வைத்தேன். மூத்தவளுக்கு இளையவளின் சட்டை. இளையவளுக்கு மூத்தவளின் சட்டை.

புகாரிக்குத் தலை சுற்றியது. அவன் மடையன் இல்லை, கேட்டதில் நியாயம் இருந்தது.

“நில்லுங்க காக்கா. மூத்தவளுக்கு இளையவள்ட சட்ட. சரி. இளையவள்ட சட்ட என்ன எண்டு சீட்டப் பார்த்தா, மூத்தவள்ட சட்ட எண்டு கிடக்கு. மூத்தவள்ட சட்டைய மறுகாப் பார்த்தா இளையவள்ட சட்ட எண்டு கிடக்கு. விடிய விடியப் பார்த்தாலும் முடியாதே இது!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“புதுச் சீட்டில ஒரு தரம்தான் கேக்கணும்” என்றேன். “அது ‘இளையவள்ட சட்ட’ எண்டு சொன்னா, அந்தச் சட்ட என்ன எண்டு பழைய அடுக்கப் போய்ப் பாரு. திரும்பவும் புதுச் சீட்டுக்கிட்ட வராத. பழைய அடுக்க ஒருத்தரும் தொடப்படா. அது அப்பிடியே இரிக்கணும். சீட்டில பேரில்லாத ஆளா? நேரா அடுக்குக்குப் போ. தாய்க்கு நீலம்தான், காவல்காரனுக்கு மஞ்சள்தான்.”

மாமி செய்து பார்த்தார். மூத்தவள், புதுச் சீட்டு, இளையவளின் சட்டை, பழைய அடுக்கு, பச்சை. இளையவள், புதுச் சீட்டு, மூத்தவளின் சட்டை, பழைய அடுக்கு, சிவப்பு. மாமி கையைத் தட்டிச் சிரித்தார். “அல்லாவே, இவ்வளவுதானா!” மாஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. சாரனின் தலையில் ஒற்றை இழை ஒன்று தனியே வரும். நான் அவனுக்கு விருந்தாளி என்று பேர் வைத்திருந்தேன். இடம் தெரியும். ஆனால் நிறம்? சின்னத் தட்டிலும் இல்லை, பெரிய அடுக்கிலும் இல்லை, பழைய பலகையிலும் அதைச் சுற்றியிருக்கவில்லை. மாமிக்கும் நினைவில்லை, பழைய பா ஓடும்போது அந்த ஓர் இழையை யாரோ கையில் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

“ஒரு இழைதானே, மஞ்சளப் போடு” என்றான் மீராசா.

“தெரியாததுக்குத் தெரிஞ்சமாதிரிப் போடமாட்டன். அவன்ட இடத்தில சாயம் போடாத நூல விடு. விருந்தாளி வரட்டும், வந்தாப்போல சட்டையப் போடுவம்.”

மாஸ்டருக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். “அப்பிடியே விடுங்க” என்றார்.

பா ஓடியது. நான் கூப்பிட்டேன். கட்டை தர மாமி, குறி பார்க்க மீராசா, தொண்டை காய்ந்தால் தண்ணீர் தரப் புகாரி. ஒவ்வொரு பாவும் தறிக்கு ஏற ஏற நான் பட்ட பாடு எனக்கும் படைத்த ரப்புக்கும்தான் தெரியும். வெளியே வீறாப்பு, உள்ளே யாஸீன் ஓதல். ஒரு பட்டை இடம் மாறியிருந்தாலும் மாஸ்டரின் பேர் கல்முனைக் கடைத்தெருவிலிருந்து கொழும்புவரை நாறும். அவர் என்னை நம்பியதே எனக்குப் பெரிய பாரம்.

லொறி வந்தது. மாஸ்டர் தந்தியில் சொல்லியனுப்பியிருந்தபடி சீனிமுகம்மது கொழும்பிலிருந்து பழைய சாரன் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் அதை வாங்கி, தறியில் இறங்கிக்கொண்டிருந்த புதுச் சாரனுக்குப் பக்கத்தில் விரித்தார். எல்லாத் தறியும் நின்றுவிட்டது. சுபைதா மாமி விரலை வைத்துக் கரையிலிருந்து வரத் தொடங்கினார்.

“நீலம், நீலம். மஞ்சள், மஞ்சள். இஞ்ச சிவப்பு, அங்க பச்ச. இஞ்ச பச்ச, அங்க சிவப்பு...”

எல்லோரும் மாமியைச் சுற்றி நெருங்கினோம். மாமியின் விரல் தலைக்குள் நுழைந்தது. வெள்ளைக்கு வெள்ளை. விருந்தாளியிடம் வந்து நின்றது. பழைய சாரனில் அந்த இழை கத்தரிப்பூ நிறமாம். சாயம் போடாத நூலின் முனையில் கத்தரிப்பூ நூலை முடிந்து மாமி மெல்ல இழுத்தார். அவன் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். விரல் மறுகரைவரை போய்ச் சேர்ந்தது. பிழை ஒன்றும் இல்லை.

எழும்பிய சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வளவில் இருந்தவர்கள் தீப்பிடித்தது என்று ஓடிவந்தார்கள். புகாரி என்னைத் தூக்கிவிட்டான். மீராசா என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். மாஸ்டர் மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. பழைய சாரனை மடித்துச் சீனிமுகம்மதின் கையில் கொடுத்துவிட்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார். பா எனக்கா, தண்ணீர் எனக்கா என்று ஒரு சொல் இல்லை.

கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரவு உம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப நாளைக்கு எங்க நிப்பாய்?” என்றார். தெரியாது என்றேன்.

மறுநாள் காலை நேரே கிணற்றடிக்குப் போனேன். சொன்ன வேலை அதுதானே. முதல் வாளியை இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மாஸ்டரின் குரல்.

“அங்க என்ன செய்றாய் ஆதம்பாவா?”

“தண்ணி அள்ளுறன் மாஸ்டர்.”

“அதுக்கு வேற ஆள் இரிக்கி. அங்க கம்பு நட்டு எவ்வளவு நேரம்? கூப்பிடுற ஆள் கிணத்தடியில நிண்டா பா தானா ஓடுமா?”

கையிலிருந்த கயிற்றை விட்டேன். வாளி தடதடவென்று கிணற்றுக்குள் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. வளவுக்கு ஓடினேன். பா இழுக்கிறவர்கள் எல்லோரும் நூலைப் பிடித்துக்கொண்டு முனையில் நின்றார்கள். நான் என் இடத்தில் போய் நின்று மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் அத்தனை பேரும் என் முதல் கூப்பாட்டை ஒரே குரலில் கத்தினார்கள்:

“தாய் இருவது!”